பத்து நாள் எங்களைத் தாங்கிய சேவகர்களுக்கு

அன்புள்ள தம்ம சேவகர்களே,

சென்னை திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாம் முடித்து வீடு திரும்பியவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. முகாமில் மௌனம். அது கலைந்த பத்தாம் நாளன்று நீங்கள் மதியச் சமையலில் இருந்தீர்கள். நேரில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறோம்.

காலை 4 மணிக்கு மணி அடித்தவர்களுக்கு முதல் வணக்கம். எங்களை எழுப்ப நீங்கள் அதற்கும் முன்னால் எழுந்தீர்கள். 4.30 அமர்வுக்கு வராமல் அறையில் சுருண்டு படுத்தவர்களின் கதவைத் தட்டியபோதும் குரலில் கடுகடுப்பு இல்லை.

அடுப்படிக்காரர்களுக்கு நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. 11 மணிச் சாப்பாட்டில் எண்ணெயும் காரமும் ஏறினாலோ, வயிறு நிறைந்தாலோ 1 மணி அமர்வு தூக்கத்தில் போய்விடும். முக்கால் வயிற்றோடு எழச் சொல்வது அதனால்தான். சாம்பார் ருசியாக இருந்ததால் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீர், பழம், பொரி. ஏற்கெனவே முகாம் முடித்த பழைய மாணவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டும். யாருக்கு எது என்பதை ஒரு நாளும் மாற்றிக் கொடுக்கவில்லை.

முழங்கால் தரையில் படாமல் தொங்கியவர்களுக்கு இன்னொரு திண்டு போட்டு இடுப்பை உயர்த்திவிட்டீர்கள். முதுகு வலிக்காரர்களுக்கு நாற்காலி வந்தது. சின்ன வேலைதான். ஆனால் நாலாம் நாளுக்குப் பிறகு கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் ஒரு மணி நேரம் உட்காரும்போது அந்தத் திண்டின் அருமை தெரியும்.

உதவி ஆசிரியர்களுக்கும் நன்றி. மூச்சைக் கவனிக்கும் பயிற்சியான ஆனாபானாவில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்றே: மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பிராணாயாமம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். வருகிற மூச்சு வருகிறபடி இருக்கட்டும். பிடிபடாவிட்டால் மட்டும் நாலைந்து முறை சற்று அழுத்தி இழுத்துவிட்டு இயல்புக்குத் திரும்புங்கள் என்று மதியச் சந்திப்பில் சலிக்காமல் சொன்னீர்கள். நாலாம் நாள் உடம்பின் உணர்வுகளைப் பார்த்தபடி கவனம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நகரத் தொடங்கியபின் வேறொரு சிக்கல். உணர்வே தெரியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பது. அங்கே ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு நகர வேண்டும். உடம்பெங்கும் இதமான சிலிர்ப்பு ஓடினால், மறுநாளும் அதையே தேடுவது இன்னும் பெரிய சிக்கல். வலியை வெறுப்பதும் சுகத்தைத் தேடுவதும் ஒரே பழக்கம்தான். அது தளரும் அளவுக்குத்தான் விடுதலை.

எல்லோருக்கும் நல்லெண்ணம் பரப்பும் மெத்தா தியானத்தைப் பத்தாம் நாள் வரை தள்ளிவைப்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. உள்ளே எரிச்சல் புகைந்துகொண்டிருக்கும்போது ‘எல்லோரும் இன்புற்றிருக்க’ என்று சொன்னால் அது உதட்டோடு நின்றுவிடும். ஒரு மணி நேர அமர்வின் கடைசி ஐந்து, பத்து நிமிடம் உடம்பைத் தளர்த்தி, மென்மையான உணர்வோடு அன்பைக் கலந்து விட வேண்டும். மனம் கலங்கியிருந்தால் அன்றைக்கு மெத்தா வேண்டாம், உணர்வுகளைக் கவனித்தாலே போதும். மெத்தா செய்தபோது எங்களில் சிலருக்கு முதலில் நினைவில் வந்த முகங்கள் உங்களுடையவை. நாளெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு, மூன்று கூட்டு அமர்வுகளிலும் எங்களோடு உட்கார்ந்து, இரவு 9 மணிக்கு மேல் ஆசிரியர் முன் மெத்தா செய்துவிட்டுத்தான் படுக்கப் போனீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முன்பின் தெரியாத பழைய மாணவர்களுக்கும் நன்றி. 1969இல் பர்மாவிலிருந்து இந்தியா வந்து விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா நடத்தத் தொடங்கிய இந்த முகாம்களில் தங்கலுக்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. முன்பு அமர்ந்தவர்கள் தந்த தானத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்பதில் மாலைதான் தவறுகிறது. சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்துவிடுபவர்களுக்கு நிலைக்கிறது.

பத்து நாள் முகாமை முழுதாக முடித்தவர்களே சேவைக்கு வரலாம் என்பதால் இப்போது எங்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. சிலர் பெயர் கொடுத்துவிட்டோம். காய் நறுக்கத் தெரியும். நூறு பேர் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதை மட்டும் நீங்கள் சொல்லித்தர வேண்டும்.

நன்றியுடன்,
முகாமில் அமர்ந்தவர்கள்