கட்டுரையில் விடுபட்ட குரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தல்களில் வானொலியின் பங்கு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒலிபரப்பில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி 1987இல் கைவிடப்பட்டதும், அதன்பின் வலதுசாரிப் பேச்சாளர்கள் நாடு முழுவதும் பரவியதும் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அமெரிக்காவில் பேச்சு வானொலி என்றாலே வெறுப்புப் பேச்சுதான் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கறுப்பின மக்களின் வானொலி பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளாகச் சிகாகோவில் இருக்கிறேன். நகரின் தெற்குப் பகுதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கடை திறந்ததும் அங்கே ஓடத் தொடங்குவது கறுப்பின மக்களின் பேச்சு வானொலியான டபிள்யூ.வி.ஓ.என்.தான். ஆகவே இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது என்பதால், நம் வாசகர்களுக்கு இப்படி ஒரு வானொலியைக் கற்பனை செய்வதே கடினம். பாட்டு கிடையாது. காலையிலிருந்து பேச்சுதான், அதில் பாதி நேயர்களின் பேச்சு. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அழைப்பார், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் அம்மா அழைப்பார், நகர மன்ற உறுப்பினரே அழைத்து மாட்டிக்கொள்வார். வீட்டுவரி ஏன் இவ்வளவு ஏறியது, தெருமுனை மளிகைக் கடையை ஏன் மூடினார்கள், சிறையிலிருந்து வந்த மகனுக்கு எங்கே வேலை கேட்பது என்று பேச்சு போகும். 2013இல் சிகாகோ நிர்வாகம் ஏறக்குறைய 50 அரசுப் பள்ளிகளை ஒரே வீச்சில் மூடியது. பெரும்பாலானவை கறுப்பினக் குழந்தைகள் படித்தவை. பெரிய தொலைக்காட்சிகளுக்கு அது சில நாள் செய்தி. எந்தத் தெருவைத் தாண்டித் தன் பேரன் புதுப் பள்ளிக்கு நடக்க வேண்டும், அந்தத் தெருவில் எந்தக் கும்பல் நிற்கிறது என்று ஒரு பாட்டி பொறுமையாகச் சொல்லவும், அதை ஊரே கேட்கவும் இப்படி ஒரு நிலையம் தேவைப்படுகிறது.

இதன் வரலாறு சிறியதல்ல. 1949இல் அட்லாண்டாவில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கணக்காளர் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை விலைக்கு வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் அமெரிக்க வானொலி அதுதான். 1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பள்ளிச் சிறுவர்கள் ஊர்வலம் போனபோது, பாட்டு போடும் அறிவிப்பாளர்கள்தான் காவல்துறைக்குப் புரியாத குறிப்புகளில் அவர்களுக்குத் தகவல் சொன்னார்கள். பூங்காவில் விருந்து இருக்கிறது, பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். சிறைக்குப் போகத் தயாராக வா என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. அதே ஆண்டு சிகாகோவில் டபிள்யூ.வி.ஓ.என். தொடங்கியது. அதில் வெஸ்லி சவுத் இரவில் நடத்திய 'ஹாட்லைன்' நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசியிருக்கிறார். நிலையத்தைத் தொடங்கிய செஸ் சகோதரர்கள் வெள்ளையர்கள். பின்னாளில் அந்த அலைவரிசையின் உரிமத்தை வெஸ்லி சவுத்தும் பெர்விஸ் ஸ்பானும் பெற்றார்கள், 1980களில் அது முழுநேரப் பேச்சு வானொலியானது.

1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக ஹாரல்ட் வாஷிங்டன் வென்றதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வானொலியை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. வாக்காளராகப் பதிவு செய்யுங்கள் என்று மாதக்கணக்கில் முழங்கினார் லூ பாமர் என்ற பத்திரிகையாளர். அவருடைய வானொலி உரைக்கு விளம்பரம் தந்துவந்த தொலைபேசி நிறுவனம் ஆதரவை விலக்கிக்கொண்டபோதும் அவர் அடங்கவில்லை. பராக் ஒபாமாவைப் பற்றி உங்கள் இதழில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறீர்கள். மாநில மேலவை உறுப்பினராக, நாட்டுக்கு முகம் தெரியாதவராக இருந்த நாளில் அவர் அடிக்கடி வந்து உட்கார்ந்து நேயர்களுக்குப் பதில் சொன்னது டபிள்யூ.வி.ஓ.என். நிலையத்தில்தான்.

வெறுப்பைத் தூண்டுவதுதான் வானொலி என்றால் 1968 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் நடந்ததை எப்படி விளக்குவது? கிங் கொல்லப்பட்ட செய்தி வந்து ஊர் பற்றி எரிந்தபோது, டபிள்யூ.ஓ.எல். நிலையத்தில் பீட்டி கிரீன் மக்களிடம் வீட்டுக்குப் போகச் சொல்லிப் பேசினார். அவரே சிறை சென்று மீண்டவர். மேடையில் நின்ற அரசியல்வாதி சொன்னால் கேட்காத கூட்டம் அவர் சொன்னதைக் கேட்டது. 1992இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலஸ் கொதித்தபோது, பாடகர் ஸ்டீவி வொண்டருக்குச் சொந்தமான கே.ஜே.எல்.எச். நிலையம் பாட்டை நிறுத்திவிட்டு நாட்கணக்கில் நேயர்களைப் பேச விட்டது. அந்த ஒலிபரப்புக்கு ஒலிபரப்புத் துறையின் புகழ்பெற்ற பீபடி விருது கிடைத்தது.

இந்த நிலையங்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சியின் ஒலிபெருக்கிதானே என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜூலையில் பிலடெல்பியாவின் டபிள்யூ.யு.ஆர்.டி. நிலையத்தில் அன்றைய அதிபர் பைடனின் பேட்டி ஒலிபரப்பானது. கேள்விகளை அவருடைய பிரசாரக் குழுவே அனுப்பியிருந்தது என்று சில நாளில் தெரியவந்தது. பேட்டி எடுத்த தொகுப்பாளர் நிலையத்திலிருந்து விலகினார். நேயர்களின் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க முடியாது என்று நிர்வாகம் நின்றது. அந்தப் பெண்மணிக்காக எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நிலையம் செய்தது சரி. இவ்வளவு பெரிய விருந்தாளியை இழந்தாலும் பரவாயில்லை என்று ஒரு சிறிய நிலையம் துணிந்ததை எத்தனை பெரிய ஊடகங்களிடம் பார்க்க முடியும்?

தவறான தகவலும் அங்கே வரும், மறுக்கவில்லை. கொரோனா தடுப்பூசி வந்தபோது பயத்தோடு பேசிய நேயர்களை நான் கேட்டிருக்கிறேன். 1932 முதல் 1972 வரை டஸ்கிகியில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்ததை நினைவில் வைத்திருக்கும் மக்கள் அவர்கள். கடைக்கு வரும் முதியவர்களும் அதையேதான் என்னிடம் சொன்னார்கள். அந்தப் பயத்தை முழுவதும் கேட்டபிறகுதான் மருத்துவரால் பதில் சொல்ல முடியும்.

கட்டுரையில் வந்திருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்த நிலையங்களின் கழுத்தை நெரித்தது பணம். கறுப்பினத்தவருக்கு ஒலிபரப்பு நிலையங்களை விற்பவர்களுக்கு 1978 முதல் இருந்த வரிச்சலுகையை நாடாளுமன்றம் 1995இல் எடுத்துவிட்டது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தது. பெரிய நிறுவனம் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. கறுப்பின நேயர்கள் எத்தனை பேர் கேட்டாலும் விளம்பரம் தர மாட்டோம் என்ற வழக்கமும் விளம்பரத் துறையில் இருந்தது. 2004இல் நியூயார்க்கில் டபிள்யூ.எல்.ஐ.பி. நிலையத்தின் கறுப்பின, கரீபியப் பேச்சு நிகழ்ச்சிகள் போய், அந்த இடத்தில் 'ஏர் அமெரிக்கா' என்ற முற்போக்கு வலையமைப்பு வந்தது. உரிமையாளர்களே குத்தகைக்கு விட்டார்கள். அவர்களுக்கும் நெருக்கடி இருந்திருக்கும், ஆனால் நேயர்களிடம் யார் கேட்டார்கள்? வலதுசாரிகளை எதிர்க்க வந்த வானொலி, கறுப்பின மக்கள் பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலா வந்து உட்கார வேண்டும்? சில ஆண்டுகளில் அவர்களும் அங்கிருந்து கிளம்பினார்கள். பழைய பேச்சு நிகழ்ச்சிகள் திரும்பவில்லை.

இப்போது புதிய மின்சாரக் கார்கள் பலவற்றில் ஏ.எம். (மத்திய அலை) வானொலியைக் கேட்கும் வசதியே இல்லை. மேலே சொன்ன நிலையங்களில் பல ஏ.எம்.மில் இயங்குபவை. இரவுப் பணி முடிந்து காரில் திரும்பும் செவிலியரும் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுபவரும் எங்கே கேட்பார்கள்? எல்லாக் கார்களிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்ற மசோதா 2023இல் அறிமுகமானதன் பின்னணியில் இவர்களும் இருக்கிறார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும்.

அடுத்த அமெரிக்கத் தேர்தலுக்கு எழுதும்போது உங்கள் செய்தியாளர் இந்த நிலையங்களில் ஒன்றையாவது ஒரு வாரம் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இணையத்திலும் ஒலிபரப்பாகின்றன. சிகாகோவின் காலை நிகழ்ச்சி சென்னையில் மாலை நேரம், அலுவலகத்திலிருந்தே கேட்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிகாகோ