மேலங்கி காய்ந்துகொண்டிருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். தை மாதம் வந்தபோது நீ விட்டுப்போன பொம்மைப் பெட்டியைப் பற்றித்தான் விஷயம்.

ஆடி வரைக்கும் அதை நான் தொடவில்லை. எட்டு பிளாஸ்டிக் வீரர்கள், சொட்டு மூக்கு வைத்த பெயின்ட் பாட்டில்கள், ஊசி முனை பிரஷ்கள். "வெட் பிளெண்டிங்னா ஒண்ணுமில்லப்பா, ரெண்டு கலரும் ஈரமா இருக்கும்போதே சேர்த்துடணும், அவ்வளவுதான்" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமா பேனரில் நான் 27 வருஷம் செய்ததே அந்த வேலைதானே. கதாநாயகன் கன்னத்தில் ரோஸ், தாடைக்கடியில் பச்சை, இரண்டும் சந்திக்கிற இடத்தைத் தட்டையான பன்றிமுடி பிரஷ்ஷால் இழுத்துவிட்டால் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு அது சதையாகத் தெரியும். ஸ்டில் போட்டோவில் ஓர் அங்குலக் கட்டம், துணியில் ஓர் அடிக் கட்டம். பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கியே பழகிய கை இது.

உன் வீரன் 28 மில்லிமீட்டர். ஆள் உயரத்தில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அவன் மேலங்கி என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அளவு சிறிதானதுதான் சிரமம் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி வாங்கியதும் அது சரியாகிவிட்டது. சிரமம் வேறு இடத்தில் இருந்தது.

நாங்கள் பொடி வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைப்போம். அந்த எண்ணெய் ஆவியாவது கிடையாது. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு மெதுவாக இறுகும். சாயங்காலம் போட்ட கன்னத்தை மறுநாள் காலையில் வந்து திருத்தலாம். (எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும் என்று எங்கள் பட்டறை வாத்தியார் எல்லாவற்றையும் விரித்துக் கொடியில் போடச் சொல்வார்.) உன் அக்ரிலிக் அப்படியில்லை. தண்ணீர் பறந்ததும் அதிலிருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. சென்னை வெயில், தலைக்கு மேலே மின்விசிறி. இந்தப் பக்கம் கருஞ்சிவப்பை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் முதலில் வைத்தது காய்ந்திருக்கும். நான் பழைய பழக்கத்தில் இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பேன். பாலாடை மாதிரி மேல்தோல் உரிந்து சுருண்டு வரும்.

மூன்று மேலங்கிகள் இப்படிப் போயின. உன்னிடம் சொல்லவே ஒரு வாரம் தயங்கினேன். உன் பொருள், உன் காசு. நீயோ, "பரவாயில்லப்பா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஊறவெச்சு பழைய டூத்பிரஷ்ஷால தேய், புதுசாயிடும்" என்றுவிட்டாய். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்கு ஐந்து வயதிருக்கும், பட்டறையில் காயாத பேனரில் கையை வைத்துவிட்டாய். கதாநாயகன் காதோரம் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தது. நான் அடித்தேன். பிரஷ்ஷை நாலு இழுப்பு இழுத்ததும் அந்தத் தடம் போய்விட்டது, பாப்பா. இரண்டு நிமிஷ வேலை. அதற்குப் போய் அடித்தேன். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயின்ட் எனக்காகக் காத்திருந்தது. காற்றில் ஈரம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் பறக்காது, அவ்வளவுதான். இத்தனை நாள் நான் மல்லுக்கட்டியது பிரஷ்ஷோடு இல்லை, மின்விசிறியோடு. இப்போது வேலை நேரத்தில் அதை நிறுத்திவிடுகிறேன். அம்மா அடுத்த அறைக்குக் குடிபோய்விட்டாள்.

நீ சொன்ன ஈரத் தட்டையும் செய்தேன். மூடி போட்ட டிபன் டப்பா, அடியில் நனைத்த டிஷ்யூ நாலு மடிப்பு, மேலே கேக் செய்பவர்கள் விரிக்கும் பேக்கிங் தாள். கடையில் வாங்கிய பட்டர் பேப்பர் நனைந்ததும் சுருங்கி மேடுபள்ளமாகிவிட்டது. பேக்கிங் தாள் சமமாகக் கிடக்கிறது. அடியிலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால், மூடி வைத்தால் நேற்றுக் கலந்த வண்ணம் இன்றைக்கும் ஓடுகிறது.

இப்போது மேலங்கி முழுவதையும் ஒரேயடியாகத் தொடுவதில்லை. நடுத்தரச் சிவப்பைப் பூசி நன்றாகக் காயவிடுகிறேன். அப்புறம் ஒரு மடிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பள்ளத்தில் கருஞ்சிவப்பு, மேட்டில் வெளிர்சிவப்பு. இரண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும், ஆறிய பால் பதம். ஒன்று நீர்த்தும் ஒன்று கெட்டியாகவும் இருந்தால், நீர்த்தது கெட்டியின்மேல் ஓடி, சுண்ணாம்புச் சுவரில் மழைநீர் இறங்கிய மாதிரி விளிம்பில் கறை கட்டும். பிரஷ்ஷைக் கழுவித் துணியில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற நிலையில், இரண்டும் சந்திக்கும் கோட்டில் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு தடவை. பிறகு கையை எடுத்துவிட வேண்டும். எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் வரவே மாட்டேன் என்கிறது. குறை கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படியே விட்டு, காய்ந்த பிறகு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓர் ஓட்டு ஓட்டினால் திட்டு மறைகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் பாடத்தை நான் கேட்கவில்லை. வெளிச்சத்துக்குச் சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் பஞ்சுமிட்டாய் நிறம்தான் வரும். நான் ஆரஞ்சு கலந்தேன். நிழலுக்கும் கறுப்பு வேண்டாம், கரும்பச்சை ஒரு துளி போதும். கறுப்பு போட்டால் முகம் செத்துவிடும் என்பார் வாத்தியார். மேலங்கிக்கும் அதேதான்.

இன்னொன்று. பிரஷ் நுனியை நீ உதட்டில் வைத்துக் கூராக்குவதை வீடியோவில் பார்த்தேன். அதை விட்டுவிடு. எங்கள் குரோம் மஞ்சளில் ஈயம் இருந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தவனை வாத்தியார் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உன் பாட்டிலில் என்ன இருக்கிறதோ இல்லையோ, வாய் எதற்கு? உள்ளங்கையில் உருட்டினால் அதே கூர் வரும்.

நாலாவது மேலங்கி இப்போதுதான் முடிந்தது. வலது தோள் மடிப்பில் ஒரு திட்டு இருக்கிறது, நீ கண்டுபிடித்துவிடுவாய். மற்றபடி, பார், எங்கே கருஞ்சிவப்பு முடிந்து எங்கே சிவப்பு தொடங்குகிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. போட்டோ அனுப்புகிறேன். ஆரஞ்சு தீரப்போகிறது; வரும்போது இரண்டு பாட்டில் கொண்டுவா.

ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன், காயும்வரை கை வைக்காதே என்று அம்மாவிடம் சொன்னேன். "நான் என்ன அஞ்சு வயசுப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். நான் மின்விசிறியைப் போடப் போய்விட்டேன்.

அன்புடன்,
அப்பா