அறுப்பதற்கு முன் ஒரு தாள் எழுதித் தாருங்கள்

எங்கள் கரையோரத்து முதியவர்களுக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்துவரும் மருத்துவர் பெருமக்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம், எனக்குச் சித்தப்பா முறையாகும் 69 வயதுப் பெரியவர் ஒருவர், மதுரையில் இதயப் பரிசோதனை முடித்துப் பாம்பனில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். “எனக்கும் மாத்தணும்னு சொல்லிட்டாக தாயி, உங்க ஆத்தாளுக்கு மாத்துனாகளே, அதேதான்” என்றார். இதயத்துக்குள் ரத்தத்தை ஒரே திசையில் விடும் வால்வுகளில் எந்த வால்வு, மாற்றாமல் சரிசெய்ய வழியுண்டா, மாற்றினால் எந்த வகையைப் பொருத்துவார்கள் என்று கேட்டேன். “அதையெல்லாம் நம்ம கேக்கலாமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கேட்கலாம் என்று எனக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தெரிந்திருக்கவில்லை. அப்போது என் தாயாருக்கு வயது 71. பத்து வயதிலிருந்து விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கிக் கடலுக்குள் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர், வீட்டுப் படியேறவே மூச்சு வாங்கி நின்றார். இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் மிட்ரல் வால்வின் பின் இதழைத் தாங்கும் நாண் ஒன்று அறுந்து, ரத்தம் பின்னோக்கிக் கசிந்திருக்கிறது. உங்களில் ஒருவர்தான் அவர் உயிரைக் காத்தார். செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் முந்தைய நாள் இரவு நான்கைந்து தாள்களில் கையெழுத்து வாங்கியபோது, ‘மாற்று’ என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் எங்கள் காதில் விழவில்லை. பழுதுபார்த்தல் என்றொரு வழி இருப்பதையே, எட்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அந்த ஆங்கில அறிக்கையைப் படித்துச் சொன்ன பிறகுதான் அறிந்தேன். பின் இதழின் நாண் அறுவது பழுதுபார்ப்பதற்குப் பெரும்பாலும் இசைவான நிலை என்றும், அப்படிச் செய்தால் சொந்த வால்வும் அதைத் தாங்கும் தசையும் நிலைத்து இதயத்தின் வலு காக்கப்படுகிறது என்றும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பொதுவாகச் சில மாதங்களில் நிறுத்திவிடலாம் என்றும் அவர் விளக்கினார்.

எல்லா வால்வையும் பழுதுபார்க்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. வாதக் காய்ச்சலில் தடித்துச் சுருங்கிய வால்வுக்கும், சுண்ணாம்பு படிந்து இறுகிய பெருந்தமனி வால்வுக்கும் மாற்றுவதே பெரும்பாலும் வழி. பழுதுபார்த்தது நிலைக்காமல் போனால் முதியவர் இரண்டாம் முறை மேசையில் படுக்க நேரும். மார்பைத் திறந்து பார்த்த பிறகே முடிவு மாறுவதும் உண்டு. என் தாயாருக்கும் அப்படி ஏதேனும் நேர்ந்திருக்கலாம். ஏன் மாற்றினீர்கள் என்பதல்ல, ஏன் சொல்லவில்லை என்பதே என் கேள்வி.

சொல்லாததன் விலை என்னவென்று கேளுங்கள். அவருக்குப் பொருத்தியது உலோக வால்வு. 70 வயதைக் கடந்தவருக்கு மாற்றியே தீர வேண்டுமென்றால் விலங்குத் திசு வால்வை முதலில் எண்ணிப்பார்க்கலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டும் சொல்கின்றன. திசு வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேயலாம். உலோகம் தேயாது, ஆனால் ரத்தம் உறையாமலிருக்கும் அசிட்ரோம் மாத்திரையை வாழ்நாள் முழுதும் கேட்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்னும் அளவு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. முற்றத்து மணலில் தழைத்து நிற்கும் முருங்கையிலிருந்து ஒரு நாள் கூடுதலாகக் கீரை உருவினாலும் கணக்குப் பிசகுகிறது.

சென்ற தை மாதம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது துடுப்பு முள் அவர் கட்டைவிரலில் ஏறியது. மஞ்சள் வைத்தோம், காப்பித்தூள் வைத்தோம், துணி மாற்றி மாற்றிக் கட்டினோம். மூன்று மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. எடுத்த ரத்தத்தின் முடிவு மறுநாள்தான் வந்தது: 6.8. மாத்திரையைக் குறைக்கச் சொல்லவேண்டிய மருத்துவர் செவ்வாய்க்கிழமை மட்டும் புறநோயாளிகளைப் பார்ப்பவர், அன்று வியாழன். அந்த ஐந்து இரவும் தாயார் தூங்கினாரா, ரத்தம் எங்கேனும் கசிகிறதா என்று போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வால்வும் வாழ்வும் நாக்கில் ஒன்றாகத்தான் புரளும். “எனக்கு வாள்வ மாத்திப்புட்டாக” என்று அவர் சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.

கப்பல் போவதற்காகப் பாம்பன் புது ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதியை 17 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் வித்தையை 2025 ஏப்ரலிலிருந்து எங்கள் கண்ணெதிரே பார்க்கிறோம். ஒரு சொட்டு ரத்தத்தின் கணக்கை அன்றைக்கே எங்களூருக்குச் சொல்லும் வித்தைதான் இன்னும் கைவரவில்லை போலும். மன்னியுங்கள், அது உங்கள் குற்றமன்று. ஆனால் இந்த ஊருக்குத் திரும்பப்போகிறவருக்கு இந்த வால்வைப் பொருத்துகிறோமே என்று எண்ண வேண்டியது உங்கள் பொறுப்பு.

ஆகவே, பணிவுடன் கேட்கிறேன். அறுவைக்குச் சில நாட்களுக்கு முன்பே, தமிழில், ஒரே ஒரு தாள். இவர் வால்வைப் பழுதுபார்க்க இயலுமா, இயலாதென்றால் காரணம் என்ன. பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர் இங்கில்லையென்றால் எங்கே இருக்கிறார். மாற்றுவதென்றால் உலோகமா திசுவா, வீடு திரும்பிய பின் ஒவ்வொன்றும் எதைக் கேட்கும். அதைப் படித்துவிட்டு நோயாளி உங்கள் முடிவையே ஏற்கலாம், பெரும்பாலும் ஏற்பார்.

சித்தப்பாவை அடுத்த மாதம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அவர் தயங்கித் தயங்கித்தான் நீட்டுவார். தயைகூர்ந்து வாங்கிப் பதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சின்னப்பாலத்திலிருந்து,
பாசி எடுத்த ஒருவரின் மகள்