இந்தத் தைப்பூசத்துக்கு ஏன் பாலை அளந்துதான் தருவோம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வரும் தைப்பூசத்துக்கு ஒரு வீட்டுக்கு மூன்று லிட்டருக்கு மேல் எங்களால் பால் தர முடியாது. போன வாரம் கடைக்கு வந்த ஓர் அக்கா, பத்து வருடத்துக்கும் மேலாக நம்மிடமே வாங்குபவர், "மாடு குறையலையே தம்பி, பிறகு பால் மட்டும் எப்படிக் குறையும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பின்னால் ஆறேழு பேர் போத்தலோடு நின்றுகொண்டிருந்தார்கள், நின்று பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

காரணம் மாட்டில் இல்லை, புல்லில் இருக்கிறது. பினாங்கில் ஆண்டு முழுக்க மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், இங்கே இருக்கும் நமக்குத் தெரியும், ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்துதான் கிடக்கும், செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் கொட்டித் தீர்க்கும். தைப்பூசம் சரியாக அந்தக் காய்ந்த மாதங்களில் வருகிறது. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் பால் கேட்பார்கள், அந்த வாரம்தான் எங்கள் நிலத்தில் புல் மிக மெதுவாக வளரும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நாங்கள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. சாமி காரியம், எப்படி இல்லை என்பது என்று, வந்த ஆர்டரை எல்லாம் எழுதிக்கொண்டோம். செபராங் பிறையில் எங்கள் குத்தகை நிலம் ஒன்பது ஏக்கர், அதில் மாடுகளை இரவும் பகலும் ஒரு மாதம் அவிழ்த்து விட்டோம். புல் தலையெடுக்க எடுக்க மாடு கடித்தது. பூசம் முடிந்தபோது நிலம் மொட்டையடித்த தலை போல இருந்தது. அப்புறம் வந்த முதல் பெருமழையில் மேல்மண் கலங்கி லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், ஓடியதை என் அப்பா கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல புல் இருந்த இடத்தில் லாலாங் என்ற களைப்புல்லும் தொட்டாற்சிணுங்கியும் ஏறிவிட்டன. அதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது, அதுவரை தீவனத்தை விலைக்கு வாங்கித்தான் மாடுகளைக் காப்பாற்றினோம்.

அப்போதுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். புல்லுக்குச் சோறு ஆக்கும் அடுப்பு அதன் இலை. மாடு பாதி இலையைத் தின்றால் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு புல் சமாளித்துவிடும், அடி வரைக்கும் தின்றுவிட்டால் வேர் வளர்வது நின்று, அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் மறுபடி துளிர் விட வேண்டும். அந்தத் துளிரையும் நாலாம் நாளே மாடு வந்து கடித்தால் சேமிப்பு தீர்ந்து வேர் சுருங்கும், வேர் சுருங்கினால் மண்ணைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. எங்கள் மண் மழையோடு போனது இப்படித்தான்.

ஆந்த்ரே வோய்சின் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், படிப்பும் உண்டு, சொந்தமாக மாட்டுப் பண்ணையும் உண்டு, 1950களிலேயே இதைத் தெளிவாக எழுதி வைத்தார்: மேய்ச்சல் நிலம் கெடுவது மாடுகளின் எண்ணிக்கையால் இல்லை, அவை எத்தனை நாள் ஒரே இடத்தில் நிற்கின்றன, எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருகின்றன என்பதால்தான். இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, லயத்து வீட்டுப் பின்னால் கட்டியிருந்த ஒற்றைப் பசுவின் முளையைத் தினமும் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பார். சோம்பேறித்தனமாக ஒரே இடத்தில் கட்டினால், அந்த ஒரு மாடே கயிறு எட்டும் வட்டத்தைப் புழுதியாக்கிவிடும். இருபது மாடு வந்து ஒரு நாளில் தின்றுவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கம் வராவிட்டால் அதே இடம் செழிக்கும். அவர் செய்துகொண்டிருந்ததை, ஒன்பது ஏக்கர் கைக்கு வந்ததும் நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

இப்போது நிலத்தைப் பதினாறு துண்டாகப் பிரித்திருக்கிறோம். கம்பிவேலி போட வசதி இல்லை, ஒற்றை இழை சோலார் மின்வேலிதான், ஒரு முறை மூக்கில் பட்ட மாடு மறுபடி அந்தப் பக்கம் போகாது. ஒரு துண்டில் இரண்டு நாள், பிறகு அடுத்தது, அப்படியே சுற்றி முதல் துண்டுக்குத் திரும்பும்போது அந்தப் புல்லுக்கு முப்பது நாள் ஓய்வு கிடைத்திருக்கும். புல் ஒன்றரைச் சாண் வந்ததும் உள்ளே, பாதி தின்றதும் வெளியே, காலண்டரைவிடக் கண்ணுக்குத்தான் இதில் மரியாதை. மழை மாதத்தில் சீக்கிரம் சுற்றலாம், ஓய்வை ரொம்ப நீட்டினாலும் ஆகாது, நம் ஊர்ப் புல் முற்றித் தண்டாகிச் சத்துப் போய்விடும். காய்ந்த மாதத்தில் நாற்பது நாள், சில துண்டுக்கு அதற்கும் மேல் வேண்டும். அந்த இடைவெளிக்கு வெட்டிய நேப்பியர் புல்லும் செம்பனைப் புண்ணாக்கும் போடுகிறோம். அதில் மாட்டுக்கு வயிறு நிறையும், மேய்ச்சலில் கறக்கும் அளவு பால் வராது. அந்த அக்கா கேட்டதற்குப் பதில் இதுதான்.

பெருமழைக் காலத்துக்கு வேறு கணக்கு. எங்கள் நிலம் களிமண், ஊறிக் கிடக்கும்போது நானூறு கிலோ மாடு நடந்தால் ஒவ்வொரு குளம்படியும் ஒரு குழி, காய்ந்ததும் அது ஓடு போல இறுகும், பிறகு காற்றும் போகாது தண்ணீரும் இறங்காது. அந்த நாட்களில் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துண்டைத் தியாகம் செய்து மாடுகளை அங்கேயே வைத்துக்கொள்கிறோம். மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய மைலோ டின்தான் எங்கள் கருவி: இரண்டு பக்கமும் வெட்டி, பாதி வரை மண்ணில் இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மணி பார்ப்போம். மாடு கூடி நிற்கும் கேட் பக்கம் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருக்கும், ஓய்வெடுத்த துண்டில் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். அங்கே மண்வெட்டி போட்டால் மண்புழு வருகிறது. மூன்று வருடத்துக்கு முன் அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆட்டுப்பால் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாடு தின்னும் சிக்னல் புல்லில் ஆட்டை விடவே மாட்டோம், அந்தப் புல் ஆட்டின் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். ஆட்டுக்கு வேறு நிலம், வேறு சுற்று. இதில் இன்னொரு லாபமும் உண்டு. குடற்புழுவின் முட்டை புழுக்கையோடு விழுந்து நம் ஊர் வெக்கையில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிவிடும், ஆனால் அந்த வெக்கையே அதன் பலத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடும், நாலைந்து வாரம் ஆடு வராவிட்டால் பெரும்பாலானவை செத்துப்போகும். பசிபிக் தீவுகளில் பத்துத் துண்டு வைத்து, மூன்றரை நாளுக்கு ஒரு முறை ஆட்டை மாற்றிப் பார்த்து, இது பலிக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். நாங்களும் அதே கணக்கில் போகிறோம். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பார்த்து, வெளிறியிருந்தால் மட்டும் மருந்து. சில புழுமருந்துகள் சாணியோடு வெளியே வந்து சாணி வண்டையும் கொல்லும், அந்த வண்டுதான் சாணியை மண்ணுக்குள் இறக்கும் எங்கள் கூலியில்லா வேலைக்காரன்.

பாலின் நிறம் மாறுகிறதே, ஏதாவது கலக்கிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கலக்கவில்லை, கலக்கவும் மாட்டோம். பச்சைப்புல் நிறையத் தின்னும் மாதங்களில் புல்லில் உள்ள கரோட்டின் பாலின் கொழுப்பில் சேர்ந்து ஆடை மஞ்சள் காட்டும், புண்ணாக்கு அதிகமாகும் மாதங்களில் வெளுக்கும். ஆடு அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் ஆட்டுப்பால் எப்போதும் வெள்ளைதான்.

செடி வளர்ப்பவர்கள் கேட்கும் சாண மூட்டையும் இனி குறையும், மன்னியுங்கள். மாடு தின்ற சத்தில் பெரும் பகுதி சாணியாகவும் மூத்திரமாகவும் திரும்பி வருகிறது, அதைக் கொட்டகையில் அள்ளி மூட்டை கட்டி விற்றால் நிலத்துக்கு என்ன மிஞ்சும்? ஊரில் அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டவர்கள் "ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்று சொல்லி வைத்தது சும்மா இல்லை. இன்று புல்லில் விழும் சாணி அடுத்த வருடப் பாலுக்கு. அதற்காக எங்கள் மாடு உலகத்தின் வெப்பத்தைத் தணிக்கிறது என்றெல்லாம் பலகை எழுதி விற்க மாட்டோம், மாடு ஏப்பத்தில் மீத்தேன் விடத்தான் செய்கிறது. மண் கெடாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடியும்.

சரி, தைப்பூசக் கணக்கு. விலை ஏறாது. பால்குடம் எடுப்பவர்களுக்கு முதலில் ஒதுக்குவோம், பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடையில் பெயர் கொடுத்துவிடுங்கள், ஒரே வீட்டில் இரண்டு பேர் எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், பார்த்துச் செய்கிறோம். காலை ஆறரை மணிக்கு மேல் வந்து வாங்கலாம், போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவிக் கொண்டுவாருங்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் வாங்கும் வீடுகளின் தினசரிப் பாலில் கை வைக்க மாட்டோம். பங்குனி, சித்திரையில் மழை திரும்பியதும் பழைய அளவுக்கு வந்துவிடுவோம், அப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்கு வாருங்கள், மாடு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும் நேரத்தில் வந்தால் அவை ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் பால்கடைக் குடும்பம்