யார் மேல கோவம்?

ஆசிரியருக்கு,

வணக்கம். சேலத்தில் நடந்துவரும் மனித உணர்ச்சிகள் பற்றிய ஒளி, ஒலிக் கண்காட்சியைப் புகழ்ந்து தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ப் பார்க்க வேண்டியது நம்மூருக்கே வந்ததில் சந்தோஷம்தான். போன ஞாயிறு குடும்பத்தோடு போய்வந்தேன். அந்தப் புகழ்ச்சியில் பாதிக்குத்தான் என்னால் ஒத்துப்போக முடிகிறது.

உணர்ச்சிக்கு ஓர் அறை என்று பிரித்திருக்கிறார்கள். கோப அறையில் நாலு சுவரும் தரையும் சிவப்பு. ஸ்பீக்கரின் அதிர்வு உள்ளங்காலில் ஏறுகிறது. பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன், "யாரு மேல பாட்டி கோவம்?" என்று கேட்டான். பாட்டி முழித்தார். எனக்கும் தெரியவில்லை. அச்சத்துக்கு இருட்டு, துக்கத்துக்கு நீல வெளிச்சமும் புகையும். இளவட்டங்கள் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், அங்கே செய்வதற்கு வேறென்ன இருக்கிறது?

கோபமோ அழுகையோ, ஏன் வந்தது என்று தெரிந்தால்தானே நம்மைத் தொடும்? தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி, நகை, அழுகை, வெகுளி (கோபம்) என்று எட்டைப் பட்டியலிட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காக, மொத்தம் 32 காரணங்களைச் சொல்கிறது. உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அலைக்கழிப்பது, கொலை. இவற்றால் பிறப்பது வெகுளி. இதில் ஒன்றையாவது அந்தச் சிவப்பு அறைக்குள் வைத்திருக்கலாம்.

எல்லோரும் வாயைப் பிளந்து நின்ற கண்ணாடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கண்ணாடி பதித்து உருவங்களை முடிவில்லாமல் பெருக்கிக் காட்டும் இந்த உத்தியை 1965லேயே நியூயார்க்கில் செய்து காட்டியவர் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா. சிறுவயது முதல் புள்ளிகளும் பூக்களும் கண்முன் பரவி விழுங்கவரும் பிரமையால் வாடியவர் அவர். அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே அது செல்ஃபிக்குத்தான் உதவுகிறது.

ஒரே ஒரு இடம் மனதில் நின்றது. துக்க அறையின் மூலையில் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்று. ரிசீவரைக் காதில் வைத்தால் வயதான ஓர் அம்மா, "கண்ணு, சாப்பிட்டியா?" என்கிறார். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "சரி, வேலையா இருப்ப, வெச்சிடறேன்" என்கிறார். அவ்வளவுதான். புரொஜக்டர் இல்லை, புகை இல்லை. வரிசை அங்கேதான் நீளமாக இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாவது முறையும் போய் நின்றார்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது புரியும். அங்கே ராமர் இருக்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்றால் ராமர் தெரிய மாட்டார். மறைந்து நின்று எய்த அம்பின் நியாயமும் அநியாயமும் நாம் நிற்கும் இடத்தை வைத்தே உறைத்துவிடும். பார்ப்பவனையும் கதைக்குள் இழுத்துவிடும் வித்தை நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஏற்பாட்டாளர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவரலாம். நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்கள் இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசினால் கோப அறைக்கு ஒரு கதை கிடைக்காமலா போகும்?

இன்னொன்று, அறை வாசலில் இருக்கும் விளக்கப் பலகைகள் எல்லாமே ஆங்கிலத்தில். அந்தப் பாட்டி பேரனுக்குப் படித்துச் சொல்ல வழியே இல்லை. அடுத்து ஈரோட்டுக்குப் போகிறதாம் இந்தக் கண்காட்சி. அதற்குள் தமிழில் பலகை எழுதி, முட்டிவலிக்காரர்களுக்கு நாலு நாற்காலியும் போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்