மகளுக்கு: நிஷி-கசாய் நிலையத்தைப் பற்றி

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஊர் வந்து பத்து நாட்கள் ஆகியும் டோக்கியோவில் உன் வீட்டருகே உள்ள நிஷி-கசாய் நிலையம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவனுக்கு அது இயல்புதானே. பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, ஓட்டுநர் வெள்ளைக் கையுறை அணிந்த விரலை நீட்டி சிக்னலைச் சுட்டி, வாய்விட்டுச் சொன்ன பிறகே வண்டியை எடுப்பதை நான் எத்தனை காலைகள் பார்த்திருப்பேன்! விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை என்று நீ குறைப்பட்டாய். அதைப் பெரிதாக எண்ணாதே. உள்ளூர் வண்டி ஒன்றே போதும். அது நேராக அலுவலகங்கள் நிறைந்த ஒத்தேமாச்சிக்குப் போவதால்தானே, 2000-ஐ ஒட்டி வந்த நம் நாட்டுக் கணினிப் பொறியாளர்கள் அங்கே குடியேறினார்கள்.

எனக்குக் கவலை தருவது ஆறு. மினாமி-சுனமாச்சி நிலையத்தைத் தாண்டி வண்டி சுரங்கத்திலிருந்து வெளியே வந்து அரகாவா ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, கரை உயர்ந்தும் ஊர் தாழ்ந்தும் கிடப்பதைக் கண்ணால் கண்டேன். நிலத்தடி நீரையும் இயற்கை வாயுவையும் பல ஆண்டுகள் உறிஞ்சி எடுத்ததில் மண் அமிழ்ந்துபோய், உன் வீடு இருக்கும் எதோகவா வட்டத்தின் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கடலின் ஏற்ற மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. 2019-இல் அந்த வட்ட நிர்வாகம் வெளியிட்ட வெள்ள வரைபடம், "இங்கே இருக்கக் கூடாது" என்று தன் மக்களுக்கே சொல்கிறது. ஒரு நிர்வாகம் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

எட்டாவது மாடியில்தானே இருக்கிறோம் என்றாய். தண்ணீர் இரண்டு வாரத்துக்கு மேலும் வடியாமல் நிற்கலாம் என்கிறது அதே வரைபடம். மின்சாரமும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாமல், கைக்குழந்தையோடு எட்டாவது மாடியில் எப்படி இருப்பாய்?

ஆகவே ரயில் ஓடும்போதே கிளம்பிவிட வேண்டும். 2019 அக்டோபர் 12 அன்று ஹகிபிஸ் புயல் வந்தபோது டோக்கியோ ரயில்களை முன்னறிவிப்புச் செய்து நிறுத்திவிட்டார்கள். ஒரு ரயில்வேக்காரனாக அதைச் சரி என்றே சொல்வேன். ஆனால் மழை வலுத்த பிறகு புறப்படலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த நிலையத்தின் கதவு மூடியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், வண்டி வரும் என்று நம்பி என் நிலையத்தில் மூட்டைகளோடு ஓர் இரவு முழுவதும் நின்ற குடும்பங்களுக்கு, வராது என்று சொல்ல வேண்டியவனாக நான் நின்றேன். அந்த முகங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. கடைசி நேரக் கூட்டத்தையும் நினைத்துப் பார். உன் நிலையம் இருக்கும் தோசாய் ரயில் பாதையில் கிபா, மொன்சென்-நகாச்சோ நிலையங்களுக்கு இடையே, புயல் எதுவும் இல்லாத 2018-இன் சாதாரண காலைகளிலேயே நெரிசல் வண்டியின் கொள்ளளவில் 199 சதவீதம் இருந்தது.

புயல் வருவதாக அறிவித்தால், இரண்டு நாள் முன்பே குழந்தையையும் மருந்துகளையும் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு அதே பிளாட்பாரத்தில் ஏறு. வண்டி மாறாமல் கடைசி நிலையமான நகானோ வரை போகலாம். அது மேட்டு நிலம். அங்கே உன் அலுவலகத் தோழி இருப்பதாகச் சொன்னாயே, அவளிடம் இப்போதே பேசி வைத்துவிடு. அவள் வீட்டு முகவரியை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது. அம்மாவும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா