சிரைக்கு வளையம், தமனிக்கு நூல்: கொள்முதல் குழுக்களுக்கும் பயிற்சித் துறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மருத்துவமனைக் கொள்முதல் குழுவினருக்கும் நுண் அறுவைப் பயிற்சித் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

சிறு இரத்தக்குழாய்களை இணைக்கக் கப்ளர் (முள் பதித்த இரு வளையங்களில் குழாயின் இரு முனைகளையும் மாட்டி ஒன்றோடொன்று சேர்க்கும் கருவி) வாங்கலாமா என்ற கேள்வி உங்கள் மேசைக்கு வரும்போதெல்லாம், "இனித் தையல் பயிற்சி எதற்கு?" என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டையும் ஒரே கோப்பில் முடித்துவிடாதீர்கள்.

சிரையில் கப்ளரின் பயன் உண்மையானது. 9-0 நைலானில் (முடியைவிட மெல்லிய தையல் நூல்) 8 முதல் 12 முடிச்சு போட்டு ஒரு சிரையை இணைக்கக் கைதேர்ந்தவருக்கே 20 நிமிடம் பிடிக்கும். கப்ளரில் ஏறக்குறைய 5 நிமிடம். நேரத்தைவிடப் பெரிய லாபம் வேறு. சுவரை வெளிப்பக்கம் மடித்து முட்களில் மாட்டுவதால் உட்படலம் உட்படலத்தோடு சேர்கிறது, இரத்தம் ஓடும் பாதையில் நூலே இல்லை. தளர்ந்து கிடக்கும் சிரையில் முன்சுவரோடு பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடும் அபாயமும் கிடையாது. யோசனையும் பழசுதான்: அறுவை மருத்துவர் பேயர் 1900இலேயே மக்னீசிய வளையத்தை முயன்றார், முள் பதித்த வளையத்தை ஜப்பானின் நகயாமா குழுவினர் 1962இல் விவரித்தார்கள்.

வாங்குவதானால் முழு வரிசையாக வாங்குங்கள். வளையங்கள் 1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை அரை அரை மி.மீ. ஏற்றத்தில் வருகின்றன. இரண்டு அளவை மட்டும் அலமாரியில் வைத்தால், இருப்பதற்கேற்ப சிரையை வளைக்கும் பழக்கம் வந்துவிடும். பெரிய வளையத்தில் சிறு சிரையை இழுத்தால் முள் குத்திய இடத்தில் சுவர் கிழியும்; சிறு வளையத்தில் பெரிய சிரையைத் திணித்தால் மடிப்பு உள்ளே பிதுங்கி இரத்த உறைவுக்கு இடம் கொடுக்கும். குழாயின் விட்டத்தை அளக்கும் அளவுகோலும் கட்டாயம் வேண்டும். சுருங்கிக் கிடக்கும் குழாயின் மேல் அதைத் தளர்த்தும் மருந்தான பாப்பாவெரின் அல்லது லிக்னோகைன் விட்டு, அது தளர்ந்த பிறகே அளக்க வேண்டும். இரு முனைகளும் வேறு வேறு விட்டமானால் சிறியதற்கு ஏற்ற வளையமே சரி.

மாட்டும்போது தவறு நேர்வது பெரும்பாலும் முதல் மூன்று முட்களில். குழாயை வளையத்துக்குள் இழுத்து, 120 பாகை இடைவெளியில் மூன்று முட்களில் மாட்டிவிட்டு, இடையிலுள்ளவற்றைப் பிறகு நிரப்ப வேண்டும். வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து மாட்டிக்கொண்டே போனால் கடைசி முள்ளுக்குச் சுவர் போதாது. ஒவ்வொரு முள்ளும் உட்படலத்தையும் சேர்த்துத் துளைத்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். வெளியுறை மட்டும் மாட்டியிருந்தால் உட்படலம் நழுவிப் பாதையை அடைக்கும். குழாய் முறுக்கியிருக்கிறதா என்பதையும் மூடுமுன்பே பார்த்துவிட வேண்டும். கருவியின் குமிழைத் திருகி வளையங்கள் நெருங்கியதும், அவை கருவியிலிருந்து கழல்வதற்கு முன் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (கவ்விப் பிடிக்கும் இடுக்கி) ஒருமுறை சேர்த்து அழுத்துங்கள். இதை அவசரத்தில் விடுபவர்கள் அதிகம்.

தையலில் கசிந்தால் இன்னொரு முடிச்சு போட்டுச் சரிசெய்யலாம். கப்ளர் பிசகினால் வளையத்தோடு இரு முனைகளையும் வெட்டி எறிய வேண்டும். குழாய் குறுகி, இடையில் சிரைத் துண்டு ஒட்டும் நிலைகூட வரலாம். அந்த நேரத்தில் 9-0 பிடிக்கத் தெரியாத கை என்ன செய்யும்?

தமனி வேறு கதை. தடித்த, விறைப்பான சுவர் முட்களின் மேல் மடியாது. சுவர் அரை மி.மீ.யைத் தாண்டினாலோ, சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கதிர்வீச்சு பட்டிருந்தாலோ, மடிக்கும்போது உட்படலம் பிளந்துவிடும். மென்மையான தமனியில் சிலர் வெற்றியோடு கப்ளர் போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதை விதியாக்க முடியாது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கரேல் 1902இல் வெளியிட்ட முக்கோணத் தையல் முறை (முதலில் மூன்று இடங்களில் தையல் போட்டு, இடைவெளியைப் பிறகு தைப்பது) இன்னும் வழக்கொழியாததற்குக் காரணம் பழைமைப்பற்று அல்ல. வளரும் குழந்தையின் குழாயில் விரியாத வளையத்தை வைக்குமுன்பும், மெல்லிய தோலுக்கு அடியில் புதைக்குமுன்பும் யோசிக்க வேண்டும். வளையம் தோலை அரித்து வெளியே தலைகாட்டக்கூடும்.

எனவே பயிற்சி பெறுபவர் தையலில் தேறிய பிறகே கப்ளரைத் தொடட்டும். அறுவைக் குறிப்பில் நான்கு கட்டங்கள் சேருங்கள்: சிரையா தமனியா, அளந்த விட்டம், போட்ட வளையம், கழற்றித் தைத்திருந்தால் ஏன். அந்தக் கட்டங்கள் ஒழுங்காக நிரம்பினால், அடுத்த முறை எந்த அளவில் எத்தனை வாங்குவது என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
நுண் அறுவை மருத்துவர்கள் சிலர்